மூன்று மாதக் கெடு, ஐந்து மாதப் பயிர்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தலைப்பை அறக்கட்டளைக் குழுவினர் என் விருப்பத்துக்கே விட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்கியையும் நாணயத்தையும் பற்றி அமெரிக்காவிலும் இந்தியாவிலும் நடந்த அரசியல் விவாதத்தை எடுத்துக்கொண்டேன். ஒரு மத்திய வங்கி எவர் எழுதிக் கொடுத்த கடன் பத்திரத்தை ஏற்றுக்கொண்டு பணம் தரும்? அந்தக் கடன் எத்தனை மாதத்தில் தீர வேண்டும்? இந்த இரண்டு கேள்விகளுக்குக் கிடைத்த விடையில்தான் நம் விழுப்புரம், திண்டிவனம் பகுதி மல்லாட்டை (நிலக்கடலை) விவசாயியின் கதி அடங்கியிருந்தது என்பது என் கருத்து. ஆனால் அன்றைய மத்திய சட்டசபையில் அனல் பறந்ததெல்லாம் வேறு கேள்விகளைச் சுற்றி.

1906 அக்டோபர் 22 அன்று சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி பணம் கொடுப்பதை நிறுத்தியது. ஓய்வூதியக்காரர்கள், கைம்பெண்கள், வக்கீல்கள், கோயில் தர்மகர்த்தாக்கள் என்று எத்தனையோ பேர் போட்டிருந்த பணம் முழுகிப்போயிற்று. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல் கிடைத்தது. சரியாக ஓராண்டு கழித்து, 1907 அக்டோபர் 22 அன்று, நியூயார்க்கில் நிக்கர்பாக்கர் டிரஸ்ட் கதவைச் சாத்தியது. தேதி ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால் ஒரே வகை விபத்துக்கு இரு ஊர்களும் காட்டிய எதிர்வினையை ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல வாய்ப்பு. சென்னையில் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றோர் நம்மவர் பணத்துக்கு நம்மவர் வங்கி வேண்டும் என்று புறப்பட்டார்கள். 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி திறக்கப்பட்டது. அது பெரிய காரியம். ஆனால் ஒரு வங்கி தடுமாறினால் கை கொடுக்க மேலே யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியை இங்கே சட்டமாக்கும் அதிகாரம் யாரிடமும் இல்லை. அந்த அதிகாரம் லண்டனில் இருந்தது. அமெரிக்காவிலோ அந்தக் கேள்வி ஆறு ஆண்டுகள் நாடாளுமன்றத்தையும் தேர்தலையும் ஆட்டிவைத்தது.

அங்கே சண்டை 1907-இல் தொடங்கியதன்று. நெப்ராஸ்கா, கன்சாஸ் விவசாயிகள் இருபது ஆண்டுகளாகவே ஒரு குறையைச் சொல்லி வந்தார்கள்: தங்கத்தோடு கட்டிய டாலரில் கடன் வாங்குகிறோம், விளைபொருள் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது, கடன் மட்டும் இறங்குவதில்லை. வெள்ளியை யார் கொண்டுவந்தாலும் நாணயசாலை தடையின்றி அடித்துத் தர வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அதை ஏந்திக்கொண்டுதான் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் 1896-இல் அதிபர் தேர்தலில் நின்று தோற்றார். அவர்கள் கேட்ட உரிமை இந்தியாவில் 1893 ஜூன் 26 வரை நடைமுறையில் இருந்தது. அன்று இந்திய அரசு நாணயசாலைகளை வெள்ளிக்கு மூடியது. உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்தது. நான்கே நாளில் அதிபர் கிளீவ்லாண்ட் வெள்ளிக் கொள்முதல் சட்டத்தை நீக்குவதற்காக நாடாளுமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தை அழைத்தார். இந்தியாவில் போட்ட உத்தரவு வாஷிங்டன் அரசியலைப் புரட்டியது. ரூபாய்க்கும் டாலருக்கும் உள்ள தொடர்பு நேற்றுப் பிறந்ததன்று.

1907 நெருக்கடிக்குப் பிறகு 1908-இல் தேசிய நாணயக் குழு அமைந்தது. அதன் தலைவர் செனட்டர் நெல்சன் ஆல்டிரிச். 1910 நவம்பரில் அவரும் சில வங்கியாளர்களும் ஜார்ஜியா மாநிலக் கடலோரத்தில் உள்ள ஜெக்கில் தீவில் இரகசியமாகக் கூடித் திட்டம் வரைந்தார்கள். வங்கிகளே சொந்தமாக வைத்து நடத்தும் மத்திய அமைப்பு, பெயருக்கு அரசின் மேற்பார்வை. இதுதான் ஆல்டிரிச் திட்டத்தின் சாரம். 1912-இல் ஜனநாயகக் கட்சி வென்று உட்ரோ வில்சன் அதிபரானதும் அது போன இடம் தெரியவில்லை. புதிய மசோதாவை கார்ட்டர் கிளாஸ், ராபர்ட் ஓவன் இருவரும் கொண்டுவந்தார்கள். பிரையன் இப்போது வெளியுறவு அமைச்சர். அவர் இரண்டு நிபந்தனை வைத்தார். நோட்டு அரசின் கடப்பாடாக இருக்க வேண்டும். மேலாண்மைக் குழுவை அரசே நியமிக்க வேண்டும், வங்கியாளர்கள் தங்கள் ஆளை அனுப்பக் கூடாது. வில்சன் இரண்டுக்கும் இணங்கினார்.

பாடப்புத்தகங்கள் அதோடு நிறுத்திக்கொள்ளும். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்து நடந்தது. டெக்சாஸ் உறுப்பினர் ராபர்ட் ஹென்றியும் அவரைச் சேர்ந்த தென்மாநிலத்தாரும் எழுந்து, பருத்தி, கோதுமை, மக்காச்சோளம் இருக்கும் கிடங்கின் ரசீதை வைத்துக்கொண்டு பணம் தர வழி வேண்டும் என்றார்கள். முழுக் கோரிக்கையும் நிறைவேறவில்லை. ஆனால் 1913 டிசம்பர் 23 அன்று வில்சன் கையெழுத்திட்ட சட்டத்தில் ஒரு வரி நுழைந்துவிட்டது. வணிகப் பத்திரத்துக்குக் கெடு 90 நாள், வேளாண்மைக்கும் கால்நடைக்கும் எழுதிய பத்திரத்துக்கு ஆறு மாதம். பருத்தி 90 நாளில் வெடிக்காது என்று தெரிந்தவர்கள் அவையில் இருந்தார்கள், அந்த வரி வந்தது.

இனி நம் நிலத்துக்கு வருவோம்.

திண்டிவனம், விழுப்புரம் செம்மண் காடுகளில் ஆடியில் மானாவாரியாக மல்லாட்டை விதைத்தால், அந்தக் காலத்துக் கொடி ரகம் பிடுங்க மார்கழி, தை ஆகும். ஏறக்குறைய ஐந்து மாதம். திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. 2 என்ற கொத்து ரகம் 105 நாளில் வருவது 1940-க்குப் பிந்திய கதை. விதைப் பருப்புக்குப் பணம் ஆடியில் வேண்டும். களையெடுக்க ஆவணியில் வேண்டும். பிடுங்க, ஆய, காயவைக்கக் கூலி மார்கழியில் வேண்டும். காய் காசாவதற்குள் நிலவரிக் கிஸ்தி வந்து நிற்கும். இந்த ஐந்தாறு மாதத்துக்கு முன்பணம் தந்தவர் மண்டிக்காரர். விளைச்சலைத் தன் மண்டியிலேயே போட வேண்டும் என்பது அவர் நிபந்தனை. வட்டியைத் தனியாகச் சொல்வார், எடையிலும் விலையிலும் பிடிப்பதைச் சொல்ல மாட்டார். மண்டிக்காரருக்குப் பணம் தந்தவர் தரகர். தரகருக்குத் தந்தவை புதுச்சேரியில் இருந்த ஏற்றுமதிக் கம்பெனிகள். விழுப்புரம்–புதுச்சேரி ரயில் 1879-இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. அதில் ஏறிய பருப்பு கப்பலில் மார்சேல் போய் எண்ணெயாகவும் சோப்பாகவும் ஆயிற்று. புதுச்சேரியில் இந்தோசீன வங்கி தன் பெயரிலேயே ரூபாய் நோட்டு அச்சிட்டு வெளியிட்டுக்கொண்டிருந்தது என்பதையும் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். திண்டிவனத்திலிருந்து புறப்பட்ட வண்டிக்காரன் ஒரே நாளில் இரண்டு அரசுகளின் காகித ரூபாயைப் பார்த்திருக்க முடியும்.

வெள்ளி ரூபாயோடு பழகிய ஊர்களில் காகிதம் எளிதில் நம்பிக்கை பெறவில்லை. முதல் உலகப் போரில் வெள்ளி விலை ஏறி, ரூபாயை உருக்கினால் இலாபம் என்ற நிலை வந்ததும் 1917 நவம்பர் 30 அன்று ஒரு ரூபாய் நோட்டு வெளிவந்தது. 1918-இல் உள்நாட்டுச் சந்தைகளில் நோட்டை மாற்ற வட்டம் (கழிவு) கேட்டார்கள். அப்போது கை கொடுத்தது அமெரிக்கா. செனட்டர் பிட்மன் கொண்டுவந்த சட்டப்படி தன் கருவூலத்து வெள்ளி டாலர்களை உருக்கி, சுமார் 20 கோடி அவுன்ஸ் வெள்ளியை இந்தியாவுக்காக விற்றது. பிரையனின் ஆட்கள் போராடிக் குவிக்கச் செய்த வெள்ளியில் ஒரு பங்கு இப்படி ரூபாயாகி நம் சந்தைக்கு வந்தது.

அடுத்து ரூபாய் மாற்று விகிதச் சண்டை. 1925-இல் ஹில்டன் யங் தலைமையில் அமைந்த ராயல் கமிஷன் மறு ஆண்டு அறிக்கை தந்தது. ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்றது. பம்பாயின் புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ் மட்டும் 1 ஷில்லிங் 4 பென்ஸ்தான் வேண்டும் என்று மாற்றுக் குறிப்பு எழுதினார். இரண்டு பென்ஸில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 10 பவுன் விலைக்குப் பருப்பு விற்றால் பழைய கணக்கில் 150 ரூபாய். புதிய கணக்கில் 133 ரூபாய் 5 அணா 4 பை. குறைந்த 16 ரூபாய் 10 அணா 8 பையை மார்சேல் ஆலைக்காரர் ஏற்றுக்கொள்ள மாட்டார், கம்பெனியும் தரகரும் ஏற்கமாட்டார்கள். படிப்படியாக இறங்கி அது விதைத்தவன் தலையில் வந்து விழும். அவன் கட்ட வேண்டிய கிஸ்தியோ முப்பது ஆண்டு செட்டில்மெண்டில் ரூபாயாக எழுதிய தொகை, அவன் புரோநோட்டும் ரூபாயில் எழுதியது. இரண்டும் ஒரு காசு குறையாது. சந்தையில் ரூபாய் ஏற்கனவே 1 ஷில்லிங் 6 பென்ஸ் அருகில்தான் இருக்கிறது, விலைகள் அதற்கேற்பப் படிந்துவிட்டன, சீமைத்துணியும் மண்ணெண்ணெயும் மலிவாகும் என்று அரசுத் தரப்பு வாதாடியது. அந்த வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை. ஆனால் கடன் படியவில்லை, கிஸ்தி படியவில்லை. அந்த விகிதத்தைச் சட்டமாக்கும் மசோதா 1927 மார்ச்சில் மூன்றே வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது.

அந்தக் கமிஷன் முன் சாட்சி சொல்ல நியூயார்க் ரிசர்வ் வங்கியின் கவர்னர் பெஞ்சமின் ஸ்ட்ராங்கும் அமெரிக்கப் பொருளியலாளர் சிலரும் வந்தார்கள். இந்தியா தங்க நாணயத்துக்கு மாறித் தன் வெள்ளியை விற்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள். விற்றால் வெள்ளி விலை விழும், ஐரோப்பாவுக்கு வேண்டிய தங்கம் இங்கே வந்துவிடும் என்பது அவர்கள் கவலை. விவசாயிகள் போராடித் திருத்திய ஒரு சட்டத்தால் பிறந்த வங்கி, பதின்மூன்று ஆண்டுகளில் இன்னொரு நாட்டு விவசாயியின் பணம் எப்படி இருக்க வேண்டும் என்று ஆலோசனை சொல்லும் இடத்துக்கு வந்திருந்தது. எந்த மல்லாட்டை விவசாயியும் அந்தச் சாட்சிக் கூண்டில் நிற்கவில்லை.

இங்கே சென்னை மாகாணத்துக்கு உரிய பெருமையைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. கிராமக் கடன் பற்றி ஆராய ஐரோப்பா சென்று ஜெர்மனியின் ரைஃபைசன் கடன் சங்கங்களைப் பார்த்து வர அமெரிக்கா குழு அனுப்பியது 1913-இல். அதே பொருளில் பிரெடரிக் நிக்கல்சன் என்ற சென்னை அதிகாரி 1895-லும் 1897-லும் இரண்டு பெரிய தொகுதிகளை எழுதி முடித்திருந்தார். கிராமத்தார் ஒருவரை ஒருவர் அறிவார்கள், அந்த அறிவையே பிணையாக்கலாம் என்பது அவர் கண்ட வழி. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே சென்னையில் சங்கங்களுக்குக் கடன் தர மத்திய நகர வங்கி எழுந்தது. இன்றைய தமிழ்நாடு மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கியின் மூலம் அதுதான். கிராமச் சங்கம், அதற்கு மேல் மத்திய வங்கி, அதற்கும் மேல் மாகாண வங்கி என்று படிக்கட்டு தயாராக இருந்தது. உச்சியில் ஒரு ரிசர்வ் வங்கி இல்லை என்பதுதான் குறை.

அதற்கான மசோதா 1927-இல் வந்து, மறு ஆண்டு கைவிடப்பட்டது. வங்கி பங்குதாரர்களுடையதா, அரசுடையதா, சட்டசபை உறுப்பினர்கள் இயக்குநராகலாமா என்பதில் விவாதம் சிக்கிக்கொண்டது. 1933 செப்டம்பரில் இந்திய அரசின் நிதி உறுப்பினர் ஜார்ஜ் சூஸ்டர் புதிய மசோதா கொண்டுவந்தார். அப்போது அவைத்தலைவர் கோயம்புத்தூர் ஆர். கே. சண்முகம் செட்டியார். 1933 டிசம்பர் 22 அன்று சட்டசபை அதை ஏற்றது. அமெரிக்கச் சட்டத்துக்கு இருபது ஆண்டு நிறைய ஒரு நாள் பாக்கி. 5 கோடி ரூபாய் முதல், 100 ரூபாய்ப் பங்கு. சென்னைப் பதிவேட்டுக்கு 70 லட்சம், பம்பாய்க்கு 140 லட்சம், கல்கத்தாவுக்கு 145 லட்சம், டெல்லிக்கு 115 லட்சம், ரங்கூனுக்கு 30 லட்சம். ஐந்து பங்குக்கு ஒரு வாக்கு. அதாவது 500 ரூபாய் உள்ளவருக்கு ஒரு வாக்கு. அந்த வருடங்களில் விழுப்புரம் தாலுகாவில் ஐந்நூறு ரூபாய் என்றால் என்ன என்று வீட்டில் பெரியவர்கள் யாரேனும் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

சட்டத்தின் 17-ஆவது பிரிவில் வேளாண்மைக்கு ஒன்பது மாதக் கெடு இருந்தது. அமெரிக்கா 1913-இல் தந்ததை விட மூன்று மாதம் கூடுதல். ஆடியில் வாங்கிப் பங்குனியில் கட்டலாம். 54-ஆவது பிரிவு வேளாண் கடன் துறை ஒன்றை அமைக்கச் சொன்னது. எழுத்தளவில் 1913-இன் அமெரிக்க விவசாயியை விட நம்மவன் நல்ல நிலையில் இருந்தான்.

ஆனால் பத்திரத்தில் நம்பகமான இரண்டு கையெழுத்து வேண்டும், அவற்றில் ஒன்று அட்டவணை வங்கியுடையதாகவோ மாகாணக் கூட்டுறவு வங்கியுடையதாகவோ இருக்க வேண்டும். அந்தப் பாதையை நடந்து பாருங்கள். விவசாயி சங்கத்துக்கு எழுதிக் கொடுக்கிறான். சங்கம் மத்திய வங்கிக்கு எழுதுகிறது. மத்திய வங்கியின் பத்திரத்தில் மாகாண வங்கி கையெழுத்திட்டு ரிசர்வ் வங்கிக்கு அனுப்ப வேண்டும். 1929-க்குப் பிறகு விளைபொருள் விலை ஏறக்குறைய பாதியாக விழுந்து, சங்கங்களில் தவணை தவறிய பாக்கி மலையாகக் கிடந்தது. கீழ்ப்படி உடைந்திருந்தபோது மேலே கையெழுத்திட யார் துணிவார்கள்? ரிசர்வ் வங்கியும் 1937 அறிக்கையில் முதலில் கூட்டுறவு இயக்கம் தன்னைச் சீர்படுத்திக்கொள்ளட்டும் என்ற பாங்கிலேயே நின்றது. மூழ்குகிறவனிடம் முதலில் நீந்தக் கற்றுக்கொண்டு வா என்பது போன்ற நிலைப்பாடு அது. பத்து ஆண்டுகளுக்கு மேல் அந்த ஒன்பது மாதப் பிரிவு பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்தது.

அதற்குள் ஊரில் என்ன நடந்தது? சென்னை மாகாண வங்கி விசாரணைக் குழு 1930-இல் கிராமக் கடனை 150 கோடி ரூபாய் என்று மதித்தது. 1935-இல் சத்தியநாதன் அறிக்கை சுமார் 200 கோடி என்றது. பெண்கள் கழுத்திலும் காதிலும் இருந்த தங்கம் 1931-க்குப் பிறகு விற்பனைக்கு வந்து, பம்பாய் வழியாகக் கப்பலேறியது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி கிடைத்தது என்று அரசு மகிழ்ந்தது. வீட்டில் இருந்த கடைசிச் சேமிப்பு போயிற்று என்பது அதன் மறுபக்கம். 1938-இல் ராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. பழைய வட்டிப் பாக்கி தள்ளுபடி, முதலைப் போல் இரு மடங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது, இனி வட்டி 6¼ சதவீதத்துக்கு மேல் கூடாது. அந்தச் சட்டத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது பழைய கடனைத்தான் அறுத்தது. அடுத்த ஆடிக்கு விதைப்பணம் எங்கே என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. மண்டி வாசல்தான் விடையாக இருந்தது.

1951–52-இல் நடந்த அகில இந்திய கிராமக் கடன் ஆய்வு விவசாயி வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு 3.1 சதவீதம், வணிக வங்கிகளின் பங்கு 0.9 சதவீதம் என்று கண்டது. ரிசர்வ் வங்கி பிறந்து பதினாறு ஆண்டு கழித்து வந்த கணக்கு இது. 1949-இல் வங்கி அரசுடைமை ஆகியிருந்தது. 1927-இல் அவையைப் பிளந்த ‘பங்குதாரரா, அரசா’ என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகும் அந்த 3.1 சதவீதம் அப்படியே இருந்தது. அந்தக் கேள்வியின் மீது செலவான ஆற்றலில் பாதியாவது இரண்டு கையெழுத்து விதியின் மீது செலவாகியிருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். பிறகு மாற்றம் வந்தது. 1951-இல் கெடு 15 மாதமாயிற்று, 1969-இல் வங்கிகள் நாட்டுடைமையாயின, 1982-இல் நபார்டு அமைந்தது.

இருந்தும் அந்தப் படிக்கட்டின் மீதுள்ள அவநம்பிக்கை போகவில்லை என்பதை 2016-இல் பார்த்தோம். நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். ஆறு நாளில், நவம்பர் 14 அன்று, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள் பழைய நோட்டை வாங்கவும் மாற்றவும் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. பக்கத்துத் தெருவில் இருந்த வணிக வங்கி வாங்கலாம். சம்பா நடவு முடிந்து உரத்துக்குப் பணம் தேடும் நேரம் அது. முறைகேடு நடக்கும் என்ற அச்சம் காரணமாகச் சொல்லப்பட்டது. முறைகேடு செய்பவனைப் பிடிக்கலாம். ஒரு முழுப் படிக்கட்டையே சந்தேகத்தில் நிறுத்தியதை என்னால் ஏற்க முடியவில்லை. பயிர்க்கடனுக்காக 21,000 கோடி ரூபாய் நபார்டு வழியாகத் தரப்படும் என்ற அறிவிப்பு வர மேலும் ஒன்பது நாள் ஆயிற்று. நடவு செய்தவனுக்கு ஒன்பது நாள் என்பது மேலுரம் போடும் பக்குவம் தவறிப்போகும் காலம்.

பொருளியல் மாணவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். விழுப்புரத்துக்குத் தெற்கே திருச்சி சாலையில் இருக்கும் இருவேல்பட்டு, பொருளியல் உலகில் நாடறிந்த ஊர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டரின் ஏற்பாட்டில் 1916-இல் அந்த ஊரை ஆய்ந்தார்கள். 1930-களில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் மறுபடி ஆய்ந்தார்கள். 1980-களிலும் 2008-லும் ஆய்வு தொடர்ந்தது. தொண்ணூறு ஆண்டுக்கு மேல் இப்படித் தொடர்ந்து பார்க்கப்பட்ட ஊர்கள் இந்தியாவில் மிகச் சில. அடுத்த ஆய்வை நீங்கள் செய்யுங்கள். நிலம் யாருடையது, கூலி எவ்வளவு என்பவற்றோடு இன்னும் சில கேள்விகளைச் சேருங்கள். இந்த வீட்டின் ஒவ்வொரு கடனுக்கும் கொடுத்த பத்திரம் எது, நகையா, சிட்டாவா, சுய உதவிக் குழுவின் கூட்டுக் கையெழுத்தா? கெடு எத்தனை மாதம்? பயிர் விளைய எத்தனை மாதம்? பணம் கைக்கு வந்த தேதி விதைப்புக்கு முன்னா, பின்னா? குத்தகைக்குப் பயிரிடுகிறவர்களிடம் கட்டாயம் கேளுங்கள். சிட்டா அவர்கள் பெயரில் இருக்காது, பயிர்க்கடனும் அவர்கள் பெயரில் வராது. இரண்டு கையெழுத்து விதி இன்று எஞ்சி நிற்கும் இடம் அதுதான் என்று எண்ணுகிறேன். சரியா தவறா என்பதை உங்கள் பட்டியல்கள்தான் சொல்ல வேண்டும்.